தறி மோட்டாரும் மேட்டூர் தண்ணீரும்: ஒரு மார்கழிப் பயணம்

வியாழன், சேலம்

சூரமங்கலத்தில் ரயில் நின்றபோது விடிய இன்னும் நேரமிருந்தது. சித்தி வீடு அம்மாப்பேட்டையில். வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவர் மாவுக் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "வா பாப்பா, மொதல்ல காப்பி குடி. பேச்செல்லாம் அப்புறம்" என்றார். நடந்ததை அம்மா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பேச்சைக் கேட்டுத் தமிழில் எழுதித்தரும் மென்பொருள் ஒன்றை ஒரு சிறு குழுவாகச் செய்துவந்தோம். அதற்கு இணையம் வேண்டாம், விலை குறைந்த போனிலேயே ஓடும். மலைக்கிராமங்களுக்கு நடந்துபோகும் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் வீடுவீடாகப் பார்த்ததை நோட்டில் எழுதிக் கை நோகாமல், பேசியே பதிய வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. கார்த்திகை மாதம் நிறுவனம் அந்த வேலையை நிறுத்தியது. எங்கோ உள்ள பெரிய செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) மாடலுக்கு ஒலியை அனுப்பினால் இன்னும் துல்லியமாக எழுதி அனுப்புகிறதே, சின்னது எதற்கு என்று கேட்டார்கள். சிலரை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். எனக்கு வேலை போனது.

அன்றிலிருந்து எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. வேலை தேடும் தளத்தைத் திறப்பேன். பாதியில் செய்திக்குப் போவேன். அங்கே எந்த நாட்டிலாவது, அப்படிப்பட்ட பெரிய மாடல்களை ஓட்டும் ஒரு கிகாவாட் கணினிக் கூடம் (டேட்டா சென்டர்) வரப்போகிறது என்று இருக்கும். அக்டோபர் 2025-இல் விசாகப்பட்டினத்துக்கும் அப்படி ஒன்றைக் கூகுள் அறிவித்தது. ஒரு கிகாவாட் என்றால் ஆயிரம் மெகாவாட். அந்த எண்ணை வாசிக்கும்போதெல்லாம் உறுத்தும். இத்தனை வருடம் நிரல் எழுதியும் ஒரு மின்நிலையத்தின் பக்கத்தில்கூடப் போய் நின்றதில்லை. மேட்டூரைப் பார்க்க வேண்டும் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். ஏற்காடு அதற்குப் பிறகு சேர்ந்துகொண்டது.

சாயங்காலம் தட்டுவடை செட். காரச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வைத்துத் தள்ளுவண்டிக்காரர் கொடுத்ததை நின்றபடியே சாப்பிட்டோம். வேலையைப் பற்றிச் சித்தி இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

வெள்ளி, இளம்பிள்ளை

சித்தர்கோயில் வழியாக டவுன் பஸ். ஒரு பக்கம் கஞ்சமலை கூடவே வருகிறது. ஊருக்குள் இறங்கியதும் தறிச் சத்தம்தான் வரவேற்றது. பெரியப்பாவின் தறிக்கூடத்தில் எட்டு விசைத்தறி. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு எச்.பி. மோட்டார்.

அதைக் கேட்டதும் அங்கேயே நின்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். பெரிய மாடல்களை ஓட்டும் என்விடியாவின் எச்100 என்ற சிப் முழுவீச்சில் இழுப்பது 700 வாட். உள்ளங்கையளவு சிப் ஒன்று, ஒரு தறி மோட்டாருக்குச் சமமாகச் சாப்பிடுகிறது. அந்தச் சிப்புகள் தனியாகவும் வேலை செய்வதில்லை. ஒரு பெட்டிக்குள் எட்டைச் சேர்த்து வைக்கிறார்கள். விசிறி, நினைவகம் எல்லாம் சேர்த்தால் அந்தப் பெட்டி அதிகபட்சம் பத்து கிலோவாட் வரை எடுக்கும். பெரியப்பாவின் மொத்தக் கூடத்தைவிட அதிகம். அப்படிப்பட்ட பெட்டிகளைத்தான் இன்று ஆயிரக்கணக்கில் அடுக்குகிறார்கள்.

விசைத்தறிக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசமாகத் தருகிறது. பெரியப்பா வீட்டில் ஒவ்வொரு ரீடிங்கின்போதும் அந்த எண்ணைப் பற்றிப் பேச்சு வரும். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பத்து கிலோவாட் பெட்டி அந்த ஆயிரத்தை நூறு மணி நேரத்தில் முடித்துவிடும், அதாவது நாலு நாளும் கொஞ்சமும்.

"எதுக்குக் கண்ணு அத்தன கரண்டு? என்னத்த நெய்யுது அது?" என்று பெரியப்பா கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கோடிக்கணக்கான எண்களைப் பெருக்கிக் கூட்டுகிறது, அந்தப் பெருக்கலிலிருந்து ஒரு சொல் வருகிறது, அடுத்த சொல்லுக்கு மறுபடி எல்லாவற்றையும் பெருக்குகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒவ்வொரு ஊடைக்கும் பாவு முழுக்கப் பிரிஞ்சு சேருதில்ல, அந்த மாதிரி" என்றார். பாவு தறியில் நீளவாக்கில் இருக்கும் இழை, ஊடை குறுக்கே போகும் இழை. நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அது எனக்குப் பிடித்திருந்தது.

அவரிடம் 2012 மின்வெட்டைப் பற்றிக் கேட்டேன். அந்த வருடம் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. அந்த ஜூலைக் கடைசியில் வட இந்தியாவே இருண்டபோது தமிழ்நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்னக மின்கட்டமைப்பு அப்போது மற்ற பகுதிகளோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்படவில்லை. 31 டிசம்பர் 2013-இல்தான் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகச் சேர்ந்தது. ஆபத்துக்குத் தடையாக இருந்த அதே பிரிவினைதான் உதவிக்கும் தடையாக இருந்தது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஓட்டுவோம்" என்றார் பெரியப்பா. "எட்டையும் ஓட்டணும்னு நெனச்ச வரைக்கும் ஒன்னும் முடியல. பாவு எதுல முடியப்போகுதோ அந்த மூணு தறிய மட்டும் ஓட்டுனேன். அந்தச் சேலை வித்த காசுலதான் மத்தது நின்னுச்சு. பக்கத்துல நாலு கூடம் பழைய இரும்புக்குப் போயிருச்சு."

மதியம் முழுக்கத் தறிக்கூடத்திலேயே இருந்தேன். அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் நான்கு தறிகளைக் கவனிக்கிறார். காது அடைக்கும் அந்தச் சத்தத்துக்குள் இழை அறுந்தால் முதலில் அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது, பார்வை பிறகுதான் அங்கே போகிறது. போனைக் கூடத்துக்கு வெளியே பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவரே வைத்துக்கொண்ட பழக்கம் அது.

ராத்திரி தம்பி, பெரியப்பாவின் மகன், கல்லூரியிலிருந்து வந்தான். மின்பொறியியல் இறுதியாண்டு. குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி மாடலைச் சுருக்குவதைப் பற்றி நான் சொன்னதும் ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, செலவு கொறஞ்சா இன்னும் அதிகமாத்தான ஓட்டுவாங்க?" அவன் கேட்டது 1865-இலேயே இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் நிலக்கரியைப் பற்றி எழுப்பிய கேள்வி. நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆனபோது நிலக்கரிச் செலவு குறையவில்லை, இயந்திரங்கள் பெருகி அது கூடியது. கூகுள் 2025-இல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களின் ஏ.ஐ.யான ஜெமினியிடம் கேட்கும் எழுத்துக் கேள்விகளை மின்செலவுப்படி வரிசையாக வைத்தால், நடுவில் வரும் கேள்விக்கு 0.24 வாட்மணிதான் ஆகிறது. ஆயிரம் வாட்மணி சேர்ந்தது ஒரு யூனிட், அதில் நாலாயிரம் கேள்வி. அதைப் பெரிய செலவு என்று சொன்னால் பொய்யாகும். ஆனாலும் மொத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அவனுக்கு அன்று ராத்திரி என்னிடம் பதில் இல்லை.

சனி, மேட்டூர்

ஓமலூர், மேச்சேரி வழியாகப் போனோம். தம்பியும் கூட வந்தான். வழியில் தண்டவாளத்தில் நிலக்கரி ரயில் ஒன்று மேட்டூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கி அவன் பாதியில் விட்டுவிட்டான்.

அணையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்தார்கள். 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. மின்சாரம் 1937-இல் வந்தது. பைக்காராவுக்கு அடுத்துச் சென்னை மாகாணம் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் இதுதான். அணையடி மின்நிலையத்தில் 12.5 மெகாவாட் இயந்திரம் நான்கு, சுரங்க மின்நிலையத்தில் 50 மெகாவாட் இயந்திரம் நான்கு, ஆக மொத்தம் 250 மெகாவாட். உள்ளே விடமாட்டார்கள். வெளியேயிருந்து, கீழே நுரைத்து வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அங்கே நின்று தம்பியும் நானும் ஒரு கணக்கு போட்டோம். தண்ணீர் ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, இயந்திரம் அதில் நூற்றுக்கு எண்பத்தைந்தை மின்சாரமாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தண்ணீர் விழவேண்டும்? ஏறக்குறைய 8600 லிட்டர். எங்கள் தெருவுக்குக் கோடையில் வரும் தண்ணி லாரி ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பத்து கிலோவாட் பெட்டி ஒரு மணி நேரம் ஓட, கிட்டத்தட்ட பத்து லாரித் தண்ணீர் அந்த உயரத்திலிருந்து விழவேண்டும். யூனிட் என்ற சொல்லை மின்கட்டண அட்டையில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். அதன் எடையை அன்றுதான் உணர்ந்தேன்.

மேட்டூரில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று. இங்கே தண்ணீர் திறப்பது டெல்டாப் பாசனத்துக்கு. ஜூன் 12 தொடங்கி ஜனவரி 28 வரை என்பது வழக்கம். நெல்லுக்குப் போகும் வழியில்தான் அது சுழலியைச் சுற்றிவிட்டுப் போகிறது. வயலுக்குத் தேவையில்லாதபோது மின்சாரமும் பெரிதாக இல்லை. தஞ்சாவூர் விவசாயிக்கு எப்போது தண்ணீர் வேண்டுமோ அதுதான் இந்த மின்நிலையத்தின் அட்டவணை.

கணினிக் கூடம் அப்படிக் காத்திருக்காது. இருபத்துநாலு மணி நேரமும் ஒரே அளவில் கேட்கும். அதனால் அணையிலிருந்து அனல்மின் நிலையத்துக்குப் போனோம். புகைபோக்கிகள் தூரத்திலேயே தெரிகின்றன. 210 மெகாவாட் நான்கும் 600 மெகாவாட் ஒன்றும் சேர்ந்து 1440 மெகாவாட். ஒடிசாவிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வரும் கரியை எரிக்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் ஆகும். மார்கழியில் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் பக்கம் காற்று குறைந்துவிடும், அப்போது கரியின் பாரம் கூடும். கிகாவாட் கணினிக் கூடம் என்று நான் செய்தியில் வாசித்தது, கண்முன் நிற்கும் இந்த மொத்த நிலையத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலகக் கணினிக் கூடங்கள் 415 டெராவாட்மணி (ஒரு டெராவாட்மணி நூறு கோடி யூனிட்) எடுத்தன, உலக மின்சாரத்தில் 1.5 சதவீதம். 2030-இல் அது 945 ஆகலாம் என்கிறார்கள். அயர்லாந்தில் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் கணினிக் கூடங்களுக்குப் போகிறது.

மேட்டூர் இப்படியொரு பசியை முன்பும் பார்த்திருக்கிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டி, இங்கே கொண்டுவந்து அலுமினியம் உருக்கினார்கள். மால்கோ ஆலை 1960-களில் வந்தது. ஒரு டன் அலுமினியத்துக்குப் பதினாலாயிரம் யூனிட் அளவில் மின்சாரம் வேண்டும் என்பதால், மின்சாரம் இருக்கும் இடத்துக்கு மண் வந்து சேர்ந்தது. 2008-இல் அந்த அலுமினிய உலை நின்றது. மின்சாரத்தைத் தேடி ஓர் ஊருக்கு வரும் தொழில், அது கட்டுப்படியாகாதபோது அங்கிருந்து போயும்விடும். மிஞ்சுவது குழியும் ஆலைக் கழிவான சிவப்புச் சேறும் வேலை போன குடும்பங்களும். விசாகப்பட்டினத்தைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசுகிறவர்கள் ஒருமுறை மேட்டூருக்கும் வந்து பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

அணைக்கருகில் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்கு முன்பே திரும்பினோம். போன் பேட்டரி தீர்ந்திருந்தது. அதை எடுத்துப் பார்த்தபோதுதான் தம்பியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. 5000 எம்.ஏ.எச். பேட்டரியில் இருப்பது 19 வாட்மணி. பெரியப்பாவின் ஒரு தறியை அது ஒன்றரை நிமிடம் ஓட்டும், அவ்வளவுதான். போனுக்குள்ளேயே ஓடும் மாடல் ஒரு சார்ஜுக்கு அந்த 19 வாட்மணியைத் தாண்டமுடியாது. எவ்வளவு சிக்கனமாக்கினாலும், எத்தனை பேர் எத்தனை முறை பேசினாலும், அந்த எல்லை செவிலியரின் கையிலேயே இருக்கிறது. "கூடத்துல ஓட்டுறதுக்குத்தான் மேல் எல்லை கெடையாது" என்றேன். "போன் எண்ணிக்கை கூடுமே" என்றான். கூடும். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு போனுக்கு மேல் தேவையில்லை. அதோடு அவன் ஒத்துக்கொண்டான்.

ஞாயிறு, ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவு. மூங்கில் காட்டைத் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. ஊருக்குள் ஏரிக்கரைக் கூட்டத்தை விட்டுவிட்டு, சித்தியின் தோழி குடும்பம் வேலை செய்யும் காப்பித் தோட்டத்துக்குப் போனேன். தங்கிய வீட்டில் சிக்னல் இல்லை.

காப்பிப் பழம் எடுக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அவற்றின் நிழலில் காப்பிச் செடி. ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கின்றன. சிவந்ததை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதற்கு இன்னொரு நாள் வருகிறார்கள். உருவினால் சீக்கிரம் முடியும், தரம் கெடும்.

ஒரு சரிவில் செடியே இல்லாமல் புதுக்கன்றுகள் மட்டும் இருந்தன. தண்டுத் துளைப்பான் என்றார் மேஸ்திரி. அந்த வண்டின் புழு அராபிகா தண்டுக்குள்ளேயே இருந்து தின்னும். வெளியே தெரியும்போது செடி பிழைக்காது. பிடுங்கி எரித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். புதுக்கன்று காய்க்க மூன்று, நான்கு வருடம். "எரிக்கிற அன்னைக்கு யாருக்கும் சோறு எறங்காதுங்க. மறுநா குழி எடுக்க வந்துருவோம். மழைக்கு முன்னால நட்டாவணும்ல" என்றார். அவருக்கு அது ஆறுதல் பேச்சு அல்ல, வேலை அட்டவணை.

திங்கள், ஏற்காடு

விடிவதற்கு முன்பே எழுந்து மடிக்கணினியைத் திறந்தேன். மத்தியானம் வரை நகரவில்லை. கார்த்திகைக்குப் பிறகு இப்படி ஒரு காலைப்பொழுது அமையவில்லை. சிக்னல் இல்லாததை மட்டும் காரணமாகச் சொல்லமாட்டேன். எதைச் செய்யவேண்டும் என்று தெரிந்துவிட்டதுதான் பெரிய காரணம். துல்லியத்தில் பெரிய மாடலோடு போட்டி போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். 19 வாட்மணியில் ஒரு செவிலியரின் ஒரு நாள் வேலை அடங்கவேண்டும், அதில் பாதியைத்தான் நான் எடுக்கலாம், மீதி அவர் வீட்டுக்குப் பேச வேண்டும். கேள்வி இவ்வளவு சிறிதாகச் சுருங்கியதும் மனமும் அதன்மேல் உட்கார்ந்தது. மூன்று தறி ஓட்டிய பெரியப்பாவை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

பழைய நிறுவனத்தின் நிரலைத் தொட எனக்கு உரிமை இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு பொதுவில் வைத்திருக்கும் இந்திய மொழிப் பேச்சு மாடல்களிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். இன்று செய்தது எண்களைச் சுருக்கும் வேலை. மாடலில் ஒவ்வொரு எண்ணும் 16 பிட்டில் இருக்கிறது, அதை 4 பிட்டாக்கினால் இடம் கால்வாசி ஆகும். மிச்சமாவது இடம் மட்டுமல்ல. ஒரு பெருக்கலைச் செய்யத் தேவைப்படுவதைவிட, அந்த எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்துவரப் பல மடங்கு மின்சாரம் போகிறது. எண் மெலிந்தால் அந்தச் சுமை குறையும். சில அடுக்குகள் சுருக்கத்தைத் தாங்குகின்றன, சில தாங்காமல் உளறுகின்றன. எது எது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கவேண்டும். பொறுமையான வேலை, எனக்குப் பிடித்த வேலை.

செவ்வாய், சேர்வராயன் கோயில்

1623 மீட்டர். குகைக் கோயில், குனிந்துதான் உள்ளே போகவேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும். சுற்றிலும் பரந்த மேடு, செந்நிற மண். மேட்டூர் உலைக்குப் போன பாக்சைட் இந்த மாதிரி மேடுகளின் தலையில் இருந்ததுதான். கும்பிட்டுவிட்டு வெகுநேரம் அந்த மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஒரு மலைக்கிராமத்தில் கிராமச் செவிலியர் ஒருவரைப் பார்த்தேன். தோழி குடும்பம்தான் அறிமுகம் செய்தது. பழைய போனை அவரிடம் கொடுத்தேன். உண்மையான நோயாளி விவரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி, நாங்களே இட்டுக்கட்டிய பத்துப் பதிவுகளைப் பேசச்சொன்னேன். இரத்த அழுத்தம், எடை, தடுப்பூசித் தேதி எல்லாம் சரியாக வந்தன. மாத்திரைப் பெயர்கள் பாதிக்குப் பாதி. ஊர்ப் பெயர்களில் பெரும்பாலும் தவறு. மலையில் பேசும் விதத்தில் அவர் ஒரு வாக்கியம் சொன்னபோது மாடல் வேறெதையோ எழுதியது.

அவர் ஒன்றும் மறைக்கவில்லை. "நம்பர் தப்பா வந்தா எனக்குத் தெரிஞ்சுரும்மா, திருத்திக்குவேன். ஊர்ப் பேரு தப்பா போனா ரிப்போர்ட்டு வேற ஊருக்குப் போயிரும். அத மொதல்ல பாருங்க. அப்புறம் கையில ரேகை மாதிரி வெடிச்ச போனுதான் எங்ககிட்ட இருக்கும், சூடானா நின்னுரும். அதையும் பாருங்க" என்றார். பிறகு அவர் போகும் ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, அந்தந்த ஊர்க்காரர் சொல்கிற மாதிரியே என் போனில் பேசிக் கொடுத்தார். சில பெயர்களை இரண்டு மூன்று விதமாகச் சொன்னார். இந்த ஒலிப்பதிவுக்காகவே நான் ஏற்காடு வந்திருக்கலாம்.

புதன், சேலம்

சித்தி வீட்டு மாடியில் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களுக்குத் தனியாக ஒரு சிறு அகராதி சேர்த்து, மாடல் சந்தேகப்படும் இடத்தில் மட்டும் அதைத் தேடும்படி செய்யவேண்டும். எப்போதும் தேடினால் பேட்டரி போய்விடும். சூட்டைச் சோதிக்க, வெடித்த திரையுள்ள பழைய போன் ஒன்றைத் தம்பி கல்லூரி நண்பனிடம் வாங்கி வந்திருக்கிறான். யூனிட் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றும் கொண்டுவந்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் துல்லியம் எவ்வளவு, வாட்மணி எவ்வளவு என்று இரண்டு பத்தி போட்டு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

சம்பளத்துக்கு, சேலத்திலேயே ஒரு நிறுவனத்தில் பகுதிநேர வேலை கேட்டிருக்கிறேன். கிடைத்தால் காலை நேரம் இதற்கு. பொங்கல் முடிந்ததும் திருத்தியதை எடுத்துக்கொண்டு செவிலியரிடம் போகிறேன். அவர் சொன்ன ஊர்ப் பெயர்களில் இன்று ராத்திரி முதல் பத்து.